தொங்குபடுக்கையைத் தானே தைப்பது: எது தகும், எது தகாது

கடைகளில் விற்கும் தொங்குபடுக்கைகளில் பெரும்பாலானவை 9 அடியிலிருந்து 10 அடி நீளம் வரை இருக்கும். ஆறடி உயரமுள்ள ஒருவர் அதில் நீளவாக்கில் படுத்தால் முதுகு வளையும். முழங்கால் பின்பக்கமாக அழுந்தும். வெகுநேரம் படுத்திருக்க முடியாது. தோட்டத்தில் மாலைப்பொழுதில் சாய்ந்து புத்தகம் படிக்க அது போதும். காட்டில் இரவு முழுக்கத் தூங்கப் போதாது. அதே ஆள் 11 அடி நீளத் துணியில், தலையை ஓர் ஓரத்துக்கும் காலை மறு ஓரத்துக்கும் தள்ளி நடுக்கோட்டுக்குக் குறுக்காகப் படுத்தால், உடல் ஏறக்குறைய மட்டமாகிவிடும். அமெரிக்காவில் மலைப்பாதைகளில் நடப்பவர்கள் பலரைத் தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்தது இந்த ஓரடி, இரண்டடி வித்தியாசம்.

இந்தக் கூடுதல் நீளத்தை இன்று சிறு தயாரிப்பாளர்களிடம் வாங்கவும் முடியும். ஆனாலும் வீட்டில் தைப்பவர்கள் குறையவில்லை. தொங்குபடுக்கை, அதன் மேலே கட்டும் தார்ப்பாய், கீழே தொங்கவிடும் அடிப்போர்வை, கொசுவலை, பை எனப் படுக்கை முழுவதையும் தாங்களே வெட்டித் தைக்கிறார்கள். பணம் மிச்சமாகும் என்பது அவர்கள் முதலில் சொல்லும் காரணம். அந்தக் கணக்கு பாதிதான் சரி என்று நினைக்கிறேன். மற்றப் பாதி உடலளவு. தரையில் விரிக்கும் கூடாரம் எல்லோருக்கும் பொது. மரத்தில் தொங்கும் படுக்கையோ ஆளின் உயரம், எடை, புரண்டு படுக்கும் பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது. அதை அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இந்தப் படுக்கையின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலம். 1492இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த மக்கள் பருத்தி வலைகளில் தூங்கியதைக் குறித்துவைத்தார். கப்பல்காரர்களுக்கு அது உடனே பிடித்துப்போனது. 1597இல் இங்கிலாந்துக் கடற்படை அதை முறைப்படி ஏற்று, கித்தான் துணியில் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் பசிபிக் காடுகளுக்கென்று கூரையும் கொசுவலைச் சுவரும் ஜிப்பும் சேர்த்துத் தைத்த காட்டுத் தொங்குபடுக்கையை வீரர்களுக்குக் கொடுத்தது. படுக்கை, கூரை, வலை மூன்றும் ஒரே அமைப்பாக வேண்டும் என்ற எண்ணம் அதில் வந்துவிட்டது. ஆனால் அது கனமானது, மட்டமாகப் படுக்க முடியாதது.

நம் ஊர்த் தூளியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சேலையின் இரு முனைகளையும் கொத்தாகச் சேர்த்துக் கட்டுவது அதிலும் உண்டு. ஆனால் தூளி ஒரே உத்தரத்தில் ஒரே புள்ளியில் தொங்குகிறது; குழந்தை ஆழமான மடிப்புக்குள் சுருண்டு கிடக்க அதுவே வசதி. வளர்ந்த ஆள் கால் நீட்ட வேண்டுமென்றால் இரண்டு புள்ளிகள் வேண்டும். இரண்டு புள்ளி வந்ததும் கோணம், இழுவிசை, நீளம் என்ற கணக்கெல்லாம் வந்துவிடுகின்றன.

தானே தைத்துக்கொண்டு காட்டுக்குப் போகும் மரபு அமெரிக்காவில் தொங்குபடுக்கைக்கு முந்தியது. ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் ‘உட்கிராஃப்ட்’ நூலை வெளியிட்டார். குறைந்த சுமையோடு காட்டில் வாழ்வது எப்படி என்பதே நூலின் பொருள். மலிவான பருத்தித் துணியை வாங்கி, சுண்ணாம்பும் படிகாரமும் கலந்த நீரில் ஊறவைத்து, மழை தாங்கும் கூரைத் துணியாக்கும் முறை அதில் இருக்கிறது. சியர்ஸ் சிறிய உடலமைப்பு கொண்டவர். தன் எடைக்கேற்ற படகு வேண்டுமென்று ரஷ்டன் என்ற படகுக் கைவினைஞரிடம் சொல்லி, 1883இல் ஐந்து கிலோவுக்கும் குறைவான ‘சைரி கேம்ப்’ என்ற படகைச் செய்து வாங்கினார். நான் சொல்லும் உடலளவு என்ற கருத்துக்கு அவரைவிட நல்ல முன்னோடி இல்லை.

1955இல் எம்மா கேட்வுட் 67 வயதில் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். தோளில் போட்டிருந்தது அவரே டெனிம் துணியில் தைத்த ஒரு பை. மழைக்கு ஒரு குளியலறைத் திரை. 1966இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் டேல் ஜான்சன் தொடங்கிய ஃப்ராஸ்ட்லைன் நிறுவனம், வெட்டிய துணி, ஜிப், உள்ளே நிரப்பும் வாத்துத் தூவி, தையல் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டி விற்றது. வாங்குபவர் வீட்டில் தைத்துக்கொள்ள வேண்டும். கோட்டு, தூக்கப்பை, கூடாரம் என்று ஒரு தலைமுறையே அப்படித் தைத்தது. பின்னர் இறக்குமதியான மலிவு ஆயத்தப் பொருள்கள் வந்ததும் அந்த வணிகம் தேய்ந்தது. 1990களில் ரே ஜார்டின் தானே தைக்கும் மரபை வேறு விதமாக மீட்டெடுத்தார். விண்வெளித் துறையில் பணியாற்றியவர், பாறையேற்றத்தில் இன்றும் பயன்படும் ‘ஃபிரண்ட்ஸ்’ என்ற பிடிப்புக் கருவியைக் கண்டுபிடித்தவர். அவரும் மனைவி ஜென்னியும் தங்கள் பையையும் தார்ப்பாயையும் போர்வையையும் தாங்களே தைத்துக்கொண்டு நீண்ட பாதைகளை நடந்தார்கள். உடலுக்கு அடியில் நசுங்கிய பஞ்சு சூடு தராது, ஆகையால் தூக்கப்பையின் அடிப்பக்கம் வீண் சுமை என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஜார்டின் தரையில் படுத்தவர்தான். இருந்தும் தொங்குபடுக்கைக்காரர்களுக்கு அந்த ஒரு கருத்து எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கீழே பார்க்கலாம்.

1999இல் டாம் ஹென்னெசி நிறுவிய நிறுவனம் குறுக்காகப் படுப்பதற்கு ஏற்ற சமச்சீரற்ற வடிவத்தை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. 2003இல் எட் ஸ்பியர் தொங்குபடுக்கை முகாமுக்கென்றே ஒரு நூல் எழுதினார். தாங்களே செய்துகொள்ள விரும்பியவர்களுக்கு அது கைநூலானது. இவர்களுக்குப் பின் வந்த சிறு தயாரிப்பாளர்கள் பலரும் முதலில் தமக்காகத் தைத்தவர்கள், பிறகு நண்பருக்காக, பிறகு விலைக்கு. தொங்குபடுக்கை முகாமின் வடிவங்களில் முக்கியமானவை பெரிய தொழிற்சாலைகளின் ஆய்வறையில் பிறக்கவில்லை. வீட்டு மெஷின்களில் பிறந்தன. எனவே வீட்டுத் தையலை ஆயத்தப் பொருளின் மலிவுப் பதிப்பாகப் பார்ப்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது.

இந்த ஆர்வம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வேரூன்றியதற்கு நிலவியல் காரணம் உண்டு. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மேய்னின் கட்டாடின் வரை சுமார் 3,500 கி.மீ. ஓடும் அப்பலாச்சியன் பாதை பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே போகிறது. சரிவு, பாறை, வேர், ஈரம் என்று தரையில் மட்டமான இடம் கிடைப்பது அரிது; மரங்களுக்குப் பஞ்சமில்லை. மேற்கே பசிபிக் கிரெஸ்ட் பாதையில் பாலைவனமும் மரமற்ற உயரங்களும் வருவதால் அங்கே கூடாரமே வசதி.

இனிப் பொருள்களுக்கு வருவோம். படுக்கைத் துணிதான் எளிதானது. இதற்கு ரிப்ஸ்டாப் நைலான் பயன்படுகிறது. நெசவில் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழைகளைப் பாவிலும் ஊடையிலும் ஓடவிட்டுக் கட்டம் கட்டமாக நெய்த துணி. ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த தடித்த இழையில் தடைபடும். அமெரிக்கர்கள் ஒரு சதுர கஜத்தின் எடையை அவுன்ஸில் சொல்வார்கள். 1.6 அவுன்ஸ் துணி என்றால் சதுர மீட்டருக்கு சுமார் 54 கிராம். பன்னா 150 செ.மீ. இருக்கும். முடிந்த நீளம் 335 செ.மீ. வேண்டுமென்றால், மடிப்புக்குச் சேர்த்து 345 செ.மீ. வெட்டினால் போதும், துணியின் எடை 280 கிராம்தான். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்த ஒற்றை அடுக்கு போதும். எடை மிகுந்தவர்கள் கனத்த துணியோ இரண்டு அடுக்கோ போட்டுக்கொள்வார்கள். மெல்லிய துணி சற்று இழுபடும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குப் படுக்கை அமுங்குவதாகத் தோன்றும். பாலியஸ்டர் அவ்வளவு இழுபடாது. இந்த விருப்பத்தைக் கேட்டு விற்கும் கடை அரிது. தைப்பவரோ தனக்கென்று தேர்ந்தெடுக்கலாம்.

தையல் வேலை நான்கு ஓரங்கள்தான். நீள ஓரங்கள் இரண்டையும் பிசிறு உள்ளே போகுமாறு இரண்டு மடி மடித்து அடிக்க வேண்டும். முனைகள் இரண்டிலும் கயிறு நுழையும் அளவுக்கு, இரண்டரை முதல் நான்கு செ.மீ. அகலத்தில், நாடா கோர்க்கும் பட்டியாக மடித்து இரண்டு மூன்று வரி தையல் போட வேண்டும். அந்தப் பட்டிக்குள் கயிற்றை விட்டுச் சுருக்கி இறுக்கினால் துணி முழுவதும் கொத்தாகச் சேர்ந்துவிடும். புதிதாகத் தைப்பவர்கள் இந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள்: ஓர் ஆளின் எடை நூலில் தொங்குகிறதே, தையல் விட்டால் என்ன ஆகும்? சுருக்கு இறுகியதும் கொத்தாகச் சேர்ந்த துணியின் உராய்வே சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிவிடுகிறது. பட்டியே தைக்காமல், துணி முனையை விசிறி மடிப்பாக மடித்துக் கயிற்றால் சுற்றிக் கட்டித் தூங்குபவர்களும் இருக்கிறார்கள். இது வீட்டுத் தையலுக்குப் பெரிய தைரியம் தரும் செய்தி. தையல் கோணினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. இருந்தாலும் புதிய படுக்கையை நாற்காலி உயரத்துக்கு மேலே கட்டக் கூடாது. முதல் முறை மெதுவாக உட்கார்ந்து பார்த்து, பிறகு ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொள்வதே முறை.

இழுவிசையின் கணக்கு தெரியாமல் கட்டுவதே உண்மையான ஆபத்து. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. தளர்ச்சியே பிடிக்காமல் கயிற்றை இறுக்கி 15 பாகைக்குக் கொண்டுவந்தால் அது 135 கிலோ. 10 பாகையில் 200 கிலோ. 5 பாகையில் 400 கிலோ. இறுக்கமாகக் கட்டினால் மட்டமாகப் படுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் தளர்வாகக் கட்டிக் குறுக்கே படுத்தால்தான் மட்டம் வரும். மரத்துக்கு மரம் இடைவெளி மாறுவதால் தொய்வும் தினம் மாறிவிடும் என்பதற்காக, படுக்கையின் இரு முனைகளுக்கும் நடுவே மாறாத நீளமுள்ள ஒரு முகட்டுக் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். அதன் நீளம் துணி நீளத்தில் சுமார் 83 விழுக்காடு, 335 செ.மீ. துணிக்கு 278 செ.மீ. அதற்குப் பிறகு மரங்கள் எங்கே இருந்தாலும் படுக்கையின் தொய்வு ஒன்றே. ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்தத் துறையில் வந்த கண்டுபிடிப்புகளில் இதைத்தான் நான் தலையாயது என்பேன். 83 என்பதும் தொடக்கப் புள்ளி மட்டும். ஒருவருக்கு 81 இதமாக இருக்கும், இன்னொருவருக்கு 85. கயிறு உங்களுடையது என்றால் ஒரு விரல்கடை குறைப்பதும் கூட்டுவதும் உங்கள் கையில்.

மரத்தைச் சுற்ற நாடாவே வேண்டும். குறைந்தது இரண்டரை செ.மீ. அகலம் இருந்தால்தான் பட்டையை அறுக்காது. பல பூங்காக்கள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நைலான் நாடா இரவில் இழுபட்டு ஆளைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும், பாலியஸ்டர் நாடா நிற்கும். நாடாவுக்கும் படுக்கைக்கும் இடையில் டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறு. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் சுமார் 700 கிலோ தாங்கும். ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நழுவும், நிற்கிற முடிச்சும் கயிற்றின் வலிமையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். ஆகவே முடிச்சுப் போடாமல், கயிற்றின் நுனியை அதே கயிற்றின் உள்ளீட்டுக்குள் 20 செ.மீ. அளவுக்குச் செலுத்திப் புதைக்கிறார்கள். சுமை ஏற ஏற வெளிக்கயிறு உள்கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். மரமேறும் தொழிலாளரும் கையாளும் நுட்பம் இது. மெஷின் தேவையில்லை; ஒரு வளைந்த கம்பி போதும். பின்னலே தெரியாதவர்களும் ஒரு மாலையில் கற்றுக்கொள்கிறார்கள்.

தார்ப்பாய் இன்னும் கடினமான வேலை. வழுக்கும் துணி, நீளமான தையல், மழை என்ற கண்டிப்பான தேர்வாளர். 150 செ.மீ. பன்னாவில் இரண்டு துண்டுகளை நடுவே இணைத்தால் ஒரு கூரை. இணைப்பு மேலே முகட்டில் வரும். அந்த முகட்டுத் தையல், இரண்டு ஓரங்களும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து பூட்டிக்கொள்ளும் தட்டைத் தையலாக இருக்க வேண்டும். ஜீன்ஸின் கால் பக்கத்தில் பார்க்கும் அதே தையல். அதற்குப் பின்னும் ஊசித் துளைகள் இருக்கும். சிலிக்கோன் ஏற்றிய துணியில் சாதாரண ஒட்டுநாடா பிடிக்காது. சிலிக்கோன் பசையையே மினரல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தூரிகையால் தையல்மேல் பூசிக் காயவிடுகிறார்கள்.

ஓரங்களை நேர்க்கோட்டில் வெட்டினால் மூலைகளை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நடுஓரம் தொளதொளவென்று காற்றில் அடிக்கும். எனவே ஓரம் உள்நோக்கி வளைய வேண்டும். வளைவுக்குப் பலர் கையாளும் முறை அழகானது: சுவரில் இரு ஆணிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, அது தானாக எடுக்கும் வளைவைத் தாளில் வரைந்துகொள்வார்கள். 1691இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் சமன்பாடு கண்டுபிடித்த சங்கிலி வளைவு அது. பரவளைவாக வெட்டினாலும் தவறில்லை. பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கத்திரிக்கோலின் பிசகுக்குள் அடங்கிவிடும். உண்மையில் கவனம் வேண்டிய இடம் மூலைகள். காற்று முழுவதும் அங்கே வந்து சேர்கிறது. இரண்டு மூன்று அடுக்குத் துணி வைத்துத் தைத்து, நாடாவை நெருக்கமான ஜிக்ஜாக் தையலாலோ, முன்னும் பின்னும் பலமுறை ஓட்டிய நேர்த்தையலாலோ பூட்ட வேண்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவு மழையில் தொய்ந்துபோவது அதனால்தான். சிலிக்கோன் ஏற்றிய பாலியஸ்டர் பரவலானபின் அந்தத் தொல்லை குறைந்தது. வீட்டில் தைப்பவருக்கு நான் பாலியஸ்டரையே சொல்வேன்.

டைனீமாப் படலத் துணியை மட்டும் தொடாமல் விடலாம். 1992 அமெரிக்கா கோப்பைப் போட்டியில் வென்ற படகுக் குழுவோடு தொடர்புடைய பாய்மரத் துணியின் வழிவந்தது அது. வியக்கத்தக்க அளவு இலேசு, நீரை உறிஞ்சாது. ஆனால் விலை மிக அதிகம். ஊசித் துளைகள் அதைப் பலவீனமாக்குவதால் பெரும்பாலும் ஒட்டுநாடாவால் இணைக்க வேண்டும். ஒரு வெட்டு தவறினால் ஒரு நல்ல கூரையின் விலை போய்விடும்.

இப்போது குளிர். தொங்குபடுக்கைக்கு மாறுபவர்கள் முதல் இரவில் கண்டுபிடிப்பது முதுகுக் குளிர். தரை காற்றைத் தடுக்கிறது; தொங்கும் படுக்கைக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே 20 பாகை செல்சியஸ் இருந்தாலே முதுகு சில்லிட்டுவிடும். எவ்வளவு விலையுயர்ந்த தூக்கப்பைக்குள் புகுந்தாலும் பயனில்லை, உடல் எடையில் அடிப்பஞ்சு நசுங்கிக் காகிதமாகிவிடும். ஜார்டின் சொன்னது தரையைவிட இங்கே கூடுதலாகப் பொருந்துகிறது. தீர்வு எளியது: நசுங்கும் பஞ்சை உடலுக்கும் துணிக்கும் நடுவே வைக்காமல், துணிக்கு வெளியே, அடியில் தொங்கவிடுவது. இதுவே அடிப்போர்வை.

ஏழைகளின் அடிப்போர்வையாகப் புகழ்பெற்றது அமெரிக்க ராணுவத்தின் போஞ்சோ என்ற மழைப்போர்வைக்கான உள்விரிப்பு. வியட்நாம் போர்க் காலத்தில் வந்தது. நைலானுக்குள் பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்த இலேசான விரிப்பு, மூலைகளில் ஏற்கெனவே கட்டுநாடாக்கள். நீள ஓரங்களில் ஒரு பட்டி தைத்து, இழுத்தால் நீளும் மீள்கயிறு கோர்த்தால், கோடை இரவுக்குப் போதுமான அடிப்போர்வை ஒரு மணி நேரத்தில் தயார். கடைகளில் கிடைக்கும் மலிவான தூவிப் போர்வையை இதேபோல் மாற்றுபவர்களும் உண்டு. புதிதாகத் தைக்க வருபவருக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரியவில்லை.

அடுத்த படி, துணிச்சுருளிலிருந்தே தைப்பது. இங்கே தேர்வு இரண்டு. முதலாவது, கிளைமாஷீல்டு போன்ற நீள்இழைப் பாலியஸ்டர் பஞ்சு. சுருளாக வரும், அறுபட்ட துண்டு இழைகளாக இல்லாமல் தொடர்ந்து ஓடும் இழைகள் என்பதால் நடுவே குறுக்குத் தையல் வேண்டியதில்லை, ஓரங்களில் பிடித்துக்கொண்டால் போதும். 130 செ.மீ.க்கு 190 செ.மீ. அளவில், சதுர மீட்டருக்கு 170 கிராம் பஞ்சு வைத்தால், பஞ்சு 420 கிராம், இருபுறத் துணி 170 கிராம். கயிறு சேர்த்து 600 கிராமைத் தாண்டும். உறைநிலைக்குச் சற்று மேலே வரை பெரும்பாலோருக்கு அது தாங்கும். இரண்டு செவ்வகங்களைத் தைக்கத் தெரிந்த யாரும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். இதில்தான் பணமும் உண்மையாக மிச்சமாகிறது. கடைப் போர்வையின் விலையில் பெரும்பங்கு பொறுமையான கைவேலைக்கான கூலி.

இரண்டாவது, வாத்துத் தூவி. இலேசு, சுருக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், பல ஆண்டுகள் உழைக்கும். அதன் தரத்தை, ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பும் என்று சொல்கிறார்கள். 850 எண்ணுள்ள தூவி ஒரு கிராமுக்கு 490 கன செ.மீ. உப்பும். முதுகிலிருந்து முழங்கால் வரை மட்டும் வரும் போர்வை, 130க்கு 130 செ.மீ., 5 செ.மீ. உப்பல் என்றால் 84,500 கன செ.மீ.; அதாவது 172 கிராம். ஈரமும் அழுத்தமும் உப்பலைக் குறைக்கும் என்பதற்காக இருபது விழுக்காடு கூட்டினால் சுமார் 206 கிராம். எடையில் பஞ்சு இதற்குப் பக்கத்தில் வர முடியாது. ஆனால் தூவி ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க உள்ளே மெல்லிய வலைத் தடுப்புச் சுவர்கள் தைத்து அறை அறையாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் எடைபோட்டு நிரப்ப வேண்டும். தூவி காற்றில் பறந்து வீடெங்கும் படியும் என்பதால் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிரப்புபவர்கள் ஏராளம்.

அடிப்போர்வையில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். உடல் உருண்டையாகக் கீழே இறங்குகிறது. போர்வை அதைச் சுற்றி வளைகிறது. வெளித்துணியும் உள்துணியும் ஒரே அளவாக இருந்தால் வளையும்போது வெளித்துணி இறுகி, உள்ளிருக்கும் தூவியை நசுக்கும். வெளித்துணி ஒவ்வோர் அறையிலும் சற்று அகலமாக வெட்டப்பட்டால் உப்பல் காப்பாற்றப்படும், உள்துணி முதுகோடு ஒட்டி நிற்கும். படுக்கைக்கும் உள்துணிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தாலும் குளிர்காற்று அதில் குடியேறிவிடும். முதுகு எங்கே எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. தன் படுக்கைக்கும் தன் உடலுக்கும் அளந்து தைத்த அடிப்போர்வை, எடையில் கூடுதலான பொது அளவுப் போர்வையைவிடச் சூடாக இருப்பதற்குக் காரணம் இந்தப் பொருத்தமே.

கொசுவலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளும் நுழையாத நெருக்க வலை, முகட்டுக் கயிற்றின் மேல் போர்த்திக் கீழே மீள்கயிற்றால் சுருக்கும் நீண்ட பை. ஜிப் வைக்காமல் அடியில் திறப்பு விட்டால் தையலில் பாதி குறையும்.

மெஷினுக்காக யாரும் தயங்க வேண்டாம். நேர்த்தையல் போடும் பழைய இரும்பு மெஷினே இதற்குப் பிடித்தமானது. அமெரிக்கர்கள் பழைய சிங்கர்களைத் தேடி வாங்குகிறார்கள், நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து ஓடும் மெஷினாலும் முடியும். ஊசி 11 அல்லது 12ஆம் நம்பர், புதியது. மழுங்கிய ஊசி மெல்லிய நைலானில் இழையை அறுக்கும். நூல் பாலியஸ்டர் மட்டுமே. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும். தையல் நீளம் 3 மி.மீ.; அதைவிட நெருக்கினால் துளை வரிசையே கிழிகோடாகும். குண்டூசி கூரைத் துணியில் நிரந்தரத் துளை போடும், கிளிப் போதும். தொடக்கத்தில் இரண்டு நூல் நுனிகளையும் கையில் இழுத்துப் பிடிக்காவிட்டால் வழுக்குத் துணியை மெஷின் உள்ளே விழுங்கிக்கொள்ளும்.

தனக்கென்று தைப்பதில் இன்னொரு சுதந்திரமும் உண்டு, அதை விலைப்பட்டியலில் பார்க்க முடியாது. 1970களில் அமெரிக்காவில் வந்த கூடாரத் தீத்தடுப்புத் தரத்தைச் சில மாநிலங்கள் சட்டமாக்கியதால், கூடாரத் துணிகளில் தீத்தடுப்பு ரசாயனங்கள் நெடுங்காலம் ஏற்றப்பட்டன. நீர் ஒட்டாமலிருக்கப் பூசப்படும் ஃபுளோரின் சேர்மங்களின் கதையும் இதுதான்; 2025 ஜனவரி முதல் கலிபோர்னியா அவற்றைப் பெரும்பாலான துணிப் பொருள்களில் தடை செய்திருக்கிறது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எட்டு மணி நேரம் இருக்கப்போகும் துணியில் என்ன ஏற்றியிருக்கிறது என்று கேட்டு வாங்க, சுருளாகத் துணி வாங்குபவரால் முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. சாதாரணத் தொங்குபடுக்கையைத் தைத்து மிச்சம் பிடிக்க முடியாது. இறக்குமதிப் பொருள் துணி விலைக்கே கிடைக்கிறது. அதை நீளத்துக்காகவும் துணித் தேர்வுக்காகவும் தைக்க வேண்டும். தார்ப்பாயில் சிறிது மிச்சமாகும். போர்வைகளில் நன்றாகவே மிச்சமாகும். மரத்தைச் சுற்றும் நாடாவைக் கண்ணி தைத்த நிலையில் நம்பகமான இடத்தில் வாங்கிவிடுவதே நல்லது. கொத்துச் சுருக்கில் கிடைக்கும் உராய்வின் உதவி அங்கே கிடையாது, ஆள் நேரடியாக நூலில் தொங்குகிறார்.

பக்கவாட்டில் சுருண்டு தூங்குபவர்களின் கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. கொத்து முனைப் படுக்கையில் அவர்களின் தோள் நெருக்குண்ணும். அவர்களுக்கென்று வந்ததுதான் பாலப் படுக்கை: முனைகளைக் கொத்தாகச் சேர்க்காமல், தலைப்பக்கம் 90 செ.மீ. அளவில் ஒரு கழியும் கால்பக்கம் சற்றுக் குட்டையான ஒரு கழியும் வைத்து விரித்து, நீள ஓரங்களைச் சங்கிலி வளைவில் வெட்டி, அவற்றில் நாடா வைத்துத் தைத்த அமைப்பு. தொங்குபாலத்தின் வடம் எப்படிச் சுமையை ஏற்கிறதோ அப்படி அந்த நாடா ஏற்கிறது. நேராகப் படுக்கலாம், பக்கவாட்டில் திரும்பலாம். குறை, கழிகளின் எடை. நடைக்கோலையே கழியாக்கிப் பார்த்தார்கள். ஆனால் அழுத்தத்தில் மெல்லிய கோல் வளைகிறது, இரவில் கோல் உடைந்தால் பகலில் நடைக்கும் கோல் இல்லை. வளைவை ஆழமாக்கினால் கழியின் மேல் அழுத்தம் குறைகிறது, தோள் நெருக்கம் திரும்ப வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எந்த ஆழம் சரி என்பதை ஒவ்வொருவரும் மலிவுத் துணியில் வெட்டிப் படுத்துப் பார்த்து, பிரித்து, மறுபடி வெட்டித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.